நிமிர்ந்து நடந்த பாடகர்

இசைக்கு உருகாத உள்ளம் உலகில் இல்லை. மொழியறியாக் குழந்தையும் தாலாட்டைக் கேட்டு உறங்குகிறது. பொருள் விளங்காத மொழியில் அமைந்த பாட்டும் சில வேளைகளில் கேட்போர் நெஞ்சைத் தொட்டுவிடுகிறது. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத பல நாட்டு மக்களைத் தம் பாட்டொன்றினால் கவர்ந்தவர் கியூ சாகாமோத்தோ ஆவார்.

தோக்கியோ மாநகரை அடுத்து, ஆலைகள் நிறைந்த கவாசாக்கி என்னும் நகர் உள்ளது. அந்நகரில் 1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் சாகாமோத்தோ பிறந்தார். ஜப்பான் அமெரிக்காவின்மீது போர் தொடுத்த அதே வாரம் அது. பெற்றோருக்கு அவர் ஒன்பதாம் பிள்ளை. ஆதலின் ஒன்பது என்னும் எண்ணைக் குறிக்கும் எழுத்தையே அவருக்குப் பெயராக இட்டனர். அவ்வெழுத்தின் ஒலிகளுள் ஒன்றே கியூ என்பது.

போர் முற்றியபோது நகரவாழ்வு பேரிடர் நிறைந்ததாயிற்று. தாயார் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கசாமா என்னும் ஊருக்குச் சென்றார். 1945இல் கவாசாக்கியின் பெரும்பகுதி குண்டுவீச்சினால் எரிந்து சாம்பலாயிற்று. அவ்வாண்டிலேயே போரும் முடிந்தது. 1949இல் குடும்பத்தார் மீண்டும் கவாசாக்கிக்கு வந்தபோது, அழிந்த நகரம் மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

தோல்வியுற்ற ஜப்பானை 1952 வரை அமெரிக்கப் படைகள் ஆக்கிரமித்திருந்தன. அப்படைகளோடு அமெரிக்க இசையும் வந்தது. படைவீரர் விடுதிகளிலும் வானொலியிலும் ஜாஸ் இசை முழங்கியது. பின்னர் ராக் இசையும் புகுந்தது. இளைஞர் பலர் எல்விஸ் பிரெஸ்லி என்னும் அமெரிக்கப் பாடகரைப் போலவே பாடவும் ஆடவும் முயன்றனர். சாகாமோத்தோவும் அவர்களுள் ஒருவர். எனினும், தாயாரிடமிருந்து இளமையிலேயே கற்ற ஜப்பானிய மரபிசை அவர் குரலில் ஊறியிருந்தது. புதுமையும் பழைமையும் ஒரே குரலில் கலந்தமையே அவருடைய தனிச்சிறப்பாகும்.

1958இல், பதினாறு வயதில், அவர் ஓர் இசைக்குழுவில் சேர்ந்தார். பின்னர் மற்றொரு குழுவிற்கு மாறி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடிப் பெயர் பெற்றார். அவருடைய புன்னகை தவழும் முகம் மக்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

1960ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அமெரிக்காவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைப் புதுப்பித்தது. அதனை எதிர்த்து மாணவரும் தொழிலாளரும் பெருந்திரளாகக் கூடிக் கிளர்ச்சி செய்தனர்; ஆயினும் உடன்படிக்கை நிறைவேறியது. கிளர்ச்சியில் கலந்துகொண்ட ரொக்குசுக்கே எய் என்னும் கவிஞர் மனம் உடைந்தார். அத்துயரத்திலிருந்து ஒரு பாட்டுப் பிறந்தது. பாட்டில் அரசியல் ஏதும் இல்லை. தனிமையில் இரவில் நடக்கும் ஒருவன், கண்ணீர் கீழே சிந்தாதிருக்க முகத்தை உயர்த்தி வானத்தை நோக்கி நடக்கிறான், அவ்வளவே. அதற்கு இசையமைத்தவர் ஹச்சிதாய் நாக்காமுரா. பாட்டின் பெயர் 'உயே ஓ முயித்தே அருகோ'. மேல்நோக்கி நடப்போம் என்பது அதன் பொருள்.

இம்மூவர் பெயரிலும் ஒரு வியப்பு உண்டு. ஜப்பானிய மொழியில் ரொக்கு என்பது ஆறு. ஹச்சி என்பது எட்டு. கியூ என்பது ஒன்பது. ஆதலின் மக்கள் இவர்களை ஆறு, எட்டு, ஒன்பது என்னும் மூவர் என அன்புடன் வழங்கினர்.

சாகாமோத்தோ அப்பாட்டைப் பாடிய முறை விந்தையானது. சொற்களை நீட்டியும் நடுங்கவிட்டும், விக்கல் எடுத்தாற்போல முறித்தும் பாடினார். இதைக் கேட்ட கவிஞர் சினங்கொண்டார். தம் துயரத்தை இவ்விளைஞர் விளையாட்டாக்கிவிட்டார் என்று கருதினார். ஆனால் மக்கள் வேறு விதமாக உணர்ந்தனர். அழுகையை அடக்கிச் சிரிக்க முயலும் ஒருவனின் குரலையே அவர்கள் அதில் கேட்டனர். 1961இல் தொலைக்காட்சியில் ஒலித்து, அக்டோபர்த் திங்களில் இசைத்தட்டாக வெளிவந்த அப்பாட்டு, நாடெங்கும் பரவியது.

பின்னர் அது கடல் கடந்தது. ஜப்பானுக்கு வந்திருந்த ஆங்கிலேய இசைத்தட்டு நிறுவனத்தார் ஒருவர் அப்பாட்டைக் கேட்டு விரும்பினார். அதன் பெயரை மேனாட்டார் ஒலிப்பது அரிது என்று எண்ணி, 'சுக்கியாக்கி' எனப் புதுப்பெயர் சூட்டினர். சுக்கியாக்கி என்பது இறைச்சியும் காய்களும் சேர்த்துச் சமைக்கும் உணவு. பாட்டுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயர் மாறினும் பாட்டின் மொழி மாறவில்லை. சாகாமோத்தோ ஜப்பானிய மொழியில் பாடிய அதே தட்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1963ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், அமெரிக்காவின் 'பில்போர்டு' இதழ் வெளியிடும் பாட்டு வரிசையில் அது முதலிடம் பெற்று, மூன்று வாரம் அங்கேயே நின்றது. போர் முடிந்து பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பகைவர் மொழி என்று ஒருகால் வெறுத்த மொழியில் அமைந்த பாட்டை, அமெரிக்க மக்கள் தம் இல்லங்களில் விரும்பிக் கேட்டனர். ஜப்பானிய மொழிப் பாட்டு வேறொன்றும் அவ்விடத்தை இன்றுவரை எய்தவில்லை. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட தட்டுகள் விற்றன.

அத்தகைய வெற்றி வெளிநாடுகளில் அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை. ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. தாய்நாட்டில் தொடர்ந்து பாடினார். 1964இல் அவர் பாடிய பாட்டொன்று, மகிழ்ச்சியுடையோரைக் கைதட்டுமாறு அழைப்பது. போரில் ஜப்பானியரால் துன்புற்ற பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு 1959இல் தொண்டாற்றச் சென்ற ஜப்பானிய மாணவர் ஒருவர், அந்நாட்டு மக்கள் காட்டிய அன்பை எண்ணி எழுதிய சொற்கள் அவை. அப்பாட்டை ஜப்பானியச் சிறுவர் இன்றும் கைதட்டிப் பாடுகின்றனர்.

புகழால் வந்த செல்வாக்கைச் சாகாமோத்தோ தமக்காக மட்டும் பயன்படுத்தவில்லை. உடற்குறை உடையோருக்கு நிதி திரட்டப் பாடினார். 1976 முதல் இறக்கும்வரை, வடக்கேயுள்ள ஹொக்கைதோ தீவின் தொலைக்காட்சியில், அத்தகையோரின் வாழ்வைக் காட்டும் நிகழ்ச்சியை நடத்தி வந்தார். காது கேளாதோரும் பாட்டை உணர வேண்டும் என்று கருதிச் சைகை மொழியைக் கற்றுக் கைகளாலும் பாடினார்.

1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் மாலை, அவர் தோக்கியோவிலிருந்து ஒசாக்காவிற்கு விமானத்தில் புறப்பட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவ்விமானத்தின் பின்பகுதி பழுதுற்றபோது, அதனை முறையாகச் செப்பனிடவில்லை. அக்குறையால் வானில் அப்பகுதி வெடித்தது, வாலும் சிதைந்தது. விமானிகள் அரைமணி நேரம் போராடியும் பயனில்லை. விமானம் குன்மா மாவட்ட மலையில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 524 பேரில் 520 பேர் மாண்டனர். அவர்களுள் சாகாமோத்தோவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 43.

பாடகர் மறைந்தார், பாட்டு மறையவில்லை. 2011இல் ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, பாடகர் பலர் கூடி அதே பாட்டைப் பாடித் துயருற்ற மக்களைத் தேற்றினர். வானில் சுழலும் சிறுகோள் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதன் எண் 6980. ஆறும் எட்டும் ஒன்பதும் அவ்வெண்ணில் அமைந்திருத்தல் காண்க.

துன்பம் யாவர்க்கும் வருவது. அதனை மறைக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் முகம் உயர்த்தி நடத்தல் வேண்டும். இவ்வுண்மையை அறவுரையாகக் கூறாமல் பாட்டாகப் பாடியவர் சாகாமோத்தோ. ஆதலினாலேயே அப்பாட்டின் மொழி அறியாதாரும் அதன் பொருளை அறிந்துகொண்டனர்.