கப்பலா, விமானமா?

கடலில் ஓடுகிறது, கரை வந்தாலும் நிற்பதில்லை. மணலிலும் சேற்றிலும் ஏறி அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. ஹோவர்கிராஃப்ட் எனப்படும் இந்த ஊர்தி இன்று பல நாடுகளின் கடற்படைகளிலும் கரையோரக் காவற்படைகளிலும் இடம்பெற்றுள்ளது. நமக்கு அண்மையில், மண்டபத்திலிருந்து இந்தியக் கரையோரக் காவற்படை இதனை இயக்குகிறது. மணல் திட்டுகள் நிறைந்த அந்த ஆழமற்ற கடலில், படகுகள் தரைதட்டும் இடங்களிலும் இது தடையின்றிச் செல்லும். இதனைக் கண்டுபிடித்த சேர் கிறிஸ்டோபர் கொக்கரலின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவரது ஆற்றலை முதலில் பலரும் அடையாளம் காணவில்லை என்பதே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது.

கொக்கரல் 1910 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை சேர் சிட்னி கொக்கரல் அந்நகரின் புகழ்பெற்ற ஃபிட்ஸ்வில்லியம் அரும்பொருட்காட்சியகத்தின் பொறுப்பாளர். தாய் ஃபுளோரன்ஸ் நூல்களுக்குச் சித்திரம் தீட்டும் ஓவியர். எழுத்தாளர்களும் அறிஞர்களும் வந்துபோகும் வீடு அது. ஆனால் மகனின் மனமோ இயந்திரங்களையே நாடியது. தாயின் தையல் இயந்திரத்தை நீராவியால் ஓடச் செய்தவர் அவர். அரேபியாவின் லோரன்ஸ் என அறியப்பட்டவர் அவ்வீட்டுக்கு வந்தபோதும், சிறுவனின் கவனம் விருந்தாளியைவிட அவரது மோட்டார் சைக்கிளிலேயே இருந்ததாம். கலையையும் நூல்களையும் நேசித்த தந்தைக்கு இது ஏமாற்றமாக இருந்தது. வாகனத் திருத்தகத்தில் வேலை செய்யத்தான் மகன் தகுதியானவன் என்று அவர் எண்ணினார்.

மகன் தன் வழியை விடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, 1935 இல் மார்க்கோனி நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராடார், வானொலித் திசையறி கருவிகள் ஆகியவற்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் அந்தத் தொழிலை விட்டு, மனைவி மார்கரெட்டுக்குக் கிடைத்த சொத்துப் பணத்தைக் கொண்டு சபோக் பிரதேசத்தில் படகுகளை வாடகைக்கு விடும் சிறு நிறுவனமொன்றை வாங்கினார். கணவரின் முயற்சிக்குத் தன் பணத்தைத் துணிந்து கொடுத்த அந்தப் பெண்ணின் பங்கை நாம் மறந்துவிடக் கூடாது.

படகு ஓடும்போது நீர் அதனைப் பின்னிழுக்கிறது. படகுக்கும் நீருக்கும் இடையில் காற்றைப் பரப்பிவிட்டால் அந்த இழுவை குறையுமே என்று கொக்கரல் யோசித்தார். 1955 இல் அவர் செய்த பரிசோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கோப்பிப் பேணி, அதற்குள் அடங்கும் சிறிய பூனை உணவுப் பேணி, காற்று ஊதும் கருவி, ஒரு சமையலறைத் தராசு, இவ்வளவுதான். இரு பேணிகளுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வளைய வழியால் காற்றைத் தராசுத் தட்டின் மீது ஊதினார். ஒற்றைப் பேணியால் ஊதியபோது கிடைத்ததைவிட மிகுந்த அழுத்தம் பதிவாகியது. வளையமாக வெளிவரும் காற்று ஒரு சுவர்போல் நின்று, நடுவிலுள்ள காற்றை வெளியேற விடாமல் அடைத்து வைப்பதே இதற்குக் காரணம். அடைபட்ட அந்தக் காற்றே ஊர்தியைத் தாங்கும் மெத்தையாகிறது. அவ்வாண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அதன் பின்னரே உண்மையான சோதனை தொடங்கியது. இது விமானம், கப்பலல்ல என்று கடற்படை கைவிரித்தது. இது கப்பல், விமானமல்ல என்று விமானப்படை ஒதுங்கிக்கொண்டது. தரைப்படைக்கோ அக்கறையே இல்லை. ஆனால் அரசாங்கம் அதனை இராணுவ இரகசியப் பட்டியலில் மட்டும் சேர்த்துவிட்டது! தாமும் பயன்படுத்தாமல், மற்றவரிடமும் கொண்டுசெல்ல விடாமல் கண்டுபிடிப்பைப் பூட்டி வைத்தார்கள். 1958 இல்தான் அந்தத் தடை நீங்கியது. அரச நிதியுதவியுடன் சோண்டர்ஸ் ரோ நிறுவனம் முதலாவது ஊர்தியை உருவாக்கியது. 1959 ஜூலை 25 ஆம் திகதி அது பிரான்சின் கலே நகரிலிருந்து இங்கிலாந்தின் டோவர் வரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் கடலைக் கடந்தது. அதில் கொக்கரலும் பயணித்தார். சமநிலை குலையாதிருக்கத் தம் உடலையே பாரமாக வைத்து அங்குமிங்கும் நகர்ந்து கொண்டிருந்தாராம்.

முன்பு வேண்டாமென்ற படைகள் பிறகு இதனைத் தேடி வந்தன. 1962 இல் பிரித்தானியாவின் முப்படைகளும் சேர்ந்து ஒரு பரிசோதனைப் பிரிவை அமைத்தன. 1966 இல் அமெரிக்கக் கடற்படை வியட்நாமின் மீகொங் கழிமுகச் சதுப்பு நிலங்களில் இதனைப் பயன்படுத்தியது. பின்னர் சோவியத் ஒன்றியம் கட்டிய சூபர் என்னும் ஊர்தி மூன்று யுத்தத் தாங்கிகளைச் சுமந்து, மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடக்கூடியது. நீருக்கு மேலே மிதந்து செல்வதால் கடற்கண்ணிகளாலும் டோர்பிடோக்களாலும் இதற்கு ஏற்படும் ஆபத்து குறைவு. துறைமுகம் இல்லாத கரையிலும் படைகளை இறக்கிவிடும்.

யுத்தத்தின் துயரை அறிந்த நாட்டில் வாழும் எனக்கு இச்செய்திகள் மகிழ்ச்சி தரவில்லை. ஆயினும், பிரித்தானியாவின் சேற்றுக் கரைகளில் சிக்கித் தவிப்போரை மீட்கச் செல்வதும் இதே ஊர்திதான். அறிவு அல்லாஹ் தந்த அமானிதம். அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதற்கு நாமே பொறுப்பாளிகள்.

கொக்கரல் 1969 இல் சேர் பட்டம் பெற்றார். முதிய வயதிலும் ஓயாமல், கடலலையிலிருந்து சக்தி பெறும் முயற்சியில் ஈடுபட்டார். 1999 ஜூன் 1 ஆம் திகதி காலமானார்.

அன்புப் பெற்றோரே, அவரது தந்தை கல்விமான்தான்; மகனிடம் அன்பில்லாதவர் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாம் விரும்பிய திறமைகளை மட்டுமே மகனிடம் தேடினார். படைத்தளபதிகளும் அந்த ஊர்தி கப்பலா, விமானமா என்று கேட்டார்களே தவிர, அதனால் என்ன செய்ய முடியும் என்று கேட்கவில்லை. வைத்தியரா, ஆசிரியரா என்ற இரண்டு கேள்விகளுக்குள் அடங்காத பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கும் மகளைக் கண்டால் உடனே அதட்டிவிடாதீர்கள். அவள் என்ன கண்டுபிடித்தாள் என்று முதலில் கேளுங்கள்.