ஹான்ஸ் செலியே

ஆராய்ச்சியாளர்க்கு அறிவும் உழைப்பும் மட்டும் போதா. கண்டதைக் கண்டவாறே உரைக்கும் நேர்மையும் வேண்டும். இதனை விளக்கவல்லது ஹான்ஸ் செலியே என்பாரின் வாழ்க்கை.

செலியே 1907-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் படை மருத்துவர். பிராகா நகரில் மருத்துவம் பயின்ற செலியே, கனடாவிலுள்ள மான்ட்ரியால் நகரை அடைந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மேற்கொண்டார்.

புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டறிய வேண்டும் என்பது அவரது பேரவா. சூலகத்தினின்று எடுத்த சாற்றை எலிகளின் உடலில் ஊசி வழியே செலுத்தினார். சிறுநீரகத்தின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பி பருத்தது. மார்பிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் தோன்றியது. தாம் தேடியது கிட்டிற்று என மகிழ்ந்தார். ஆயினும் அம்மகிழ்ச்சியோடு அமையாது, வேறு சாறுகளையும் செலுத்திப் பார்த்தார். அவையும் அம்மாறுதல்களையே விளைத்தன. இறுதியில், நச்சுத்தன்மையுடைய பார்மலினைச் செலுத்தினார். அதன் விளைவும் அதுவே! அவர் கட்டிய மனக்கோட்டை இடிந்து வீழ்ந்தது.

செலியே பெரிதும் சோர்வுற்றார். எனினும் அவ்விளைவை மறைக்க எண்ணினாரல்லர். அதன் பொருளை ஆராயத் தொடங்கினார். மாணவராயிருந்தபோது வெவ்வேறு நோயாளரிடத்தும் ஒரே வகைத் தளர்ச்சியைக் கண்டது அவர் நினைவிற்கு வந்தது. கடுங்குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு ஆகியவற்றுக்கு எலிகளை உட்படுத்தியபோதும் அதே மாறுதல்கள் தோன்றின. எவ்வகை இடர் நேரினும் உடல் அதனை எதிர்த்து நிற்க முயல்கிறது என்று உணர்ந்த அவர், 1936-இல் நேச்சர் என்னும் ஆங்கில இதழில் சிறு கட்டுரையாக அதனை வெளியிட்டார். உடல் நெருக்கடி பற்றிய ஆராய்ச்சிக்கு அக்கட்டுரை வித்தாயிற்று.

அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களுள் ஒன்று கார்டிசால். அதன் அளவு காலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் இருக்கும். துயிலெழுந்தபின் அரைமணி நேரத்தில் மேலும் உயரும். ஆதலின், எந்நேரத்தில், குருதியிலா உமிழ்நீரிலா, எம்முறையால் அளந்தனர் என்பவற்றை ஆய்வாளர் தெளிவாகக் குறித்தல் வேண்டும். இவற்றைக் குறியாது எண்ணை மட்டும் தருதல், எம்மரக்காலால் அளந்தது எனக் கூறாது நெல்லின் கணக்கை உரைப்பதை ஒக்கும். எல்லா இடர்க்கும் உடலின் எதிர்ச்செயல் ஒன்றே என்ற செலியேயின் கொள்கையைப் பின்வந்தோர் திருத்தியமைத்ததும், இத்தகைய அளவைகளின் துணையாலேயாம்.

செலியேயின் வாழ்வில் குறையும் உண்டு. பிற்காலத்தில் அவர் புகையிலைத் தொழிலாரிடமிருந்து ஆராய்ச்சிக்குப் பொருள் பெற்றார். அத்தொடர்பு எத்துணை நெருங்கியது என்பதை, 1982-இல் அவர் மறைந்து நெடுநாள் சென்றபின், அத்தொழிலாரின் பழைய ஏடுகளே உலகிற்குக் காட்டின. தம் எண்ணத்திற்கு மாறான விளைவை மறையாது ஏற்றமையால் உயர்ந்தவர் அவர். அந்நேர்மையைப் பொருள் வந்த வழியை உரைப்பதிலும் கடைப்பிடித்திருப்பின், அவர் புகழ் மாசற்று விளங்கியிருக்கும்.