பந்தயப் பாதையைப் பலருக்குத் திறந்தவர்

இரண்டு கார்கள் அருகருகே நின்று, நேர்கோட்டில் கால் மைல் தூரத்தை முந்திக் கடக்க முயல்வதே 'டிராக்' பந்தயம். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இது வேரூன்றியது. பழைய கார்களை வாங்கி, எடையைக் குறைத்து, வலுவான இயந்திரங்களைப் பொருத்திய இளைஞர்கள் முதலில் பொது வீதிகளிலேயே வேகத்தைச் சோதித்தனர். உயிராபத்து பெருகவே விமான ஓடுபாதைகளின் பக்கம் திரும்பினர். 1950இல் சாண்டா அனா விமானத் தளத்தில் முறையான பந்தயங்கள் தொடங்கின. 1951இல் அவற்றுக்கென ஒரு தேசிய சங்கம் உருவாயிற்று.

நமது பிராந்தியத்தின் கதையும் பெரிதும் வேறுபட்டதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்திலும், நம் நாட்டில் களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தையிலும் போர்க்கால விமான ஓடுபாதைகளே பந்தயத் திடல்களாயின. சோழவரத்தில் கார் ஓட்டியவர்களுள் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் தனித்து நினைக்கத்தக்கவர்.

1954இல் இலட்சுமி மில் குடும்பத்தில் பிறந்த அவருக்குச் செல்வம் ஒரு குறையாக இருக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வது அன்றைய இந்தியாவில் எளிதன்று. ஆகவே பந்தயம் ஓடுவதோடு நில்லாமல், கார்களை வடிவமைத்துக் கட்டுவதிலும் அவர் இறங்கினார். அவரது சாதனைகளுள் முதன்மையானது 'ஃபார்முலா மாருதி'. குடும்பங்கள் கடைத்தெருவுக்கு ஓட்டிச் சென்ற மாருதி 800 காரின் 796 சி.சி. இயந்திரத்தை எடுத்து, ஒருவர் மட்டும் அமரக்கூடிய பந்தயக் காரொன்றை அவர் உருவாக்கினார்.

இதன் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. ஒரே வகைக் காரில் எல்லோரும் போட்டியிடும்போது பணப்பையின் கனம் பின்தள்ளப்பட்டு, ஓட்டுநரின் திறமை முன்வருகிறது. உள்ளூரில் கிடைக்கும் இயந்திரம் என்பதால் செலவும் குறைந்தது. தன் குடும்பத்தின் வசதியைத் தனக்கென வைத்துக்கொள்ளாது, பிறர் ஏறிச்செல்லும் படியாக்கினார் என்பதே நம் கணிப்பு.

1995 ஆகஸ்டில் சிறு விமான விபத்தொன்றில், தம் 41ஆவது வயதில் கரிவரதன் காலமானார். அவர் கட்டிய கார் வகையில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணியின் சார்பில் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடம் கரிவரதனின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த வாழ்வு நமக்கும் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. பல்லேகம முதல் பருத்தித்துறை வரை, கராஜ்களில் எண்ணெய் படிந்த கைகளுடன் நிற்கும் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களிடம் இயந்திர அறிவுக்குப் பஞ்சமில்லை. அதைச் சோதிக்க அவர்களுக்குப் பாதுகாப்பான இடம்தான் அரிதாக உள்ளது. இடம் மறுக்கப்பட்டால் வேகம் பொது வீதிக்கு வருகிறது. அதன் விலையைப் பாதசாரிகளும் பெற்றோரும் செலுத்துகின்றனர். தண்டப்பணம் விதிப்பதோடு தம் கடமை முடிந்ததென அதிகாரிகள் கருதலாகாது. தொழிற்பயிற்சி நிலையங்களும் மோட்டார் விளையாட்டுக் கழகங்களும் கைகோத்து, மேற்பார்வையுள்ள ஒரு நேர்ப்பாதையையும் குறைந்த செலவிலான ஒரு கார் வகையையும் இவ்விளைஞர்களுக்கு அளிக்க முன்வர வேண்டும் என நாம் வலியுறுத்துகிறோம்.