விஞ்ஞான ஆசிரியர் மயில்வாகனனார்

கல்லூரி அன்னை நூற்றாண்டு காணும் இவ்வேளையில் மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை கேட்டனர். உடனே பிரார்த்தனை மண்டபத்தில் நாம் தினமும் கண்ட படம் ஒன்று நினைவுக்கு வந்தது. காவி உடையில் சுவாமி விபுலாநந்தர். அவரைத் தமிழ்ப் பாடத்தில் படித்தோம். சைவசமயப் பாடத்திலும் படித்தோம். துறவி, கவிஞர், யாழ் நூலின் ஆசிரியர் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளிகளும் பெற்றோம். அவர் ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதும், அந்த விஞ்ஞானத்தின் பெரும் பகுதியைத் தாமே தேடிக் கற்றவர் என்பதும் உயர்தர வகுப்புக்கு வந்த பின்னரே எமக்குத் தெரிந்தது. தெரிந்த விதத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் அவர் கதை.

1892ஆம் ஆண்டு மார்ச் மாதம், இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ள காரைதீவில், சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊரில் தமிழும் வடமொழியும் படித்தார். கல்முனையில் ஆங்கிலம் தொடங்கி, மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரிக்குச் சென்றார். அங்கே பொனல் அடிகளார் அதிபராக இருந்த காலம் அது. அவரிடம் மயில்வாகனனுக்குக் கணிதத்தில் பற்று வளர்ந்தது. பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார்.

இதற்கு மேல் என்ன செய்வது? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி ஆரம்பிக்கிறது. அன்று இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்ததே 1921இல்தான். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள், அல்லது இந்தியா போனார்கள். காரைதீவுப் பையனுக்கு இருந்தது வேறொரு வழி. லண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தி வந்தது. பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு, நூல்களைத் தேடி, எவர் உதவியும் இல்லாவிட்டாலும் படித்து, பரீட்சை எழுதலாம். வகுப்பு இல்லை, விரிவுரை இல்லை. விளங்காத இடத்தில் நின்று கேட்க ஆளும் இல்லை.

அவர் அந்த வழியில் மெல்ல நடந்தார். படித்த கல்லூரியிலேயே படிப்பித்தார். 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து பயிற்றப்பட்ட ஆசிரியரானார். திரும்பி வந்து மட்டக்களப்பிலும் கல்முனையிலும் படிப்பித்தார். 1915இல் மீண்டும் கொழும்பு சென்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டு விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதலில் தேறியவர் அவரே. ஒரே ஆண்டில், ஒரு கையில் இரசாயனம், மறு கையில் தொல்காப்பியம். இரண்டையும் அவர் இரண்டு உலகமாகக் கருதவில்லை என்பது பின்னாளில் தெரிந்தது.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலில் மாணவருக்குப் பாடம். மீதி நேரத்தில் தனக்குப் பாடம். அங்கிருந்த காலத்தில் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். பள்ளியை விட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றிருந்தன. இந்தப் பத்தாண்டுகளை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எமக்கோ அவர் வாழ்க்கையில் மிகவும் நெருக்கமான பகுதி இதுவே.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜனும் இருந்தார். இவருக்கு நான்கு வயது மூத்தவர். கையில் கிடைத்த ஒரே சூத்திரத் தொகுப்பை வைத்துக்கொண்டு கணிதத்தைத் தானே கட்டியெழுப்பியவர். கணிதம் தவிர வேறெதையும் படிக்க மனம் வராமல் கல்லூரிப் பரீட்சையில் தோற்றவரும் அவரே. இராமானுஜனைப் போல ஒரு பிள்ளை நூறாண்டுக்கு ஒருமுறை பிறக்கலாம். மயில்வாகனனாரின் பாதை அப்படியன்று. வேலை பார்த்துக்கொண்டே, படிப்படியாக, பரீட்சை பரீட்சையாக ஏறிய பாதை. எம் போன்ற சாதாரணப் பிள்ளைகளும் காலை வைத்துப் பார்க்கக்கூடிய பாதை.

1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். 1922இல் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். மறு ஆண்டு ஊர் திரும்பியவரிடம் பாடசாலைகளின் பொறுப்பு வந்தது. எமது திருகோணமலையில் இந்துக் கல்லூரியின் அதிபராகச் சில ஆண்டுகள் இருந்தார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் இரு நாடுகளில் தமிழுக்கு முதல் பேராசிரியரானார்!

ஆனால் விஞ்ஞானத்தை அவர் விட்டுவிடவில்லை. முப்பதுகளின் நடுப்பகுதியில் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சி நடந்தது. அதில் அவர் தலைமை ஏற்று உழைத்தார். 1938இல் அச்சொற்கள் நூலாக வந்தன. நாம் தமிழில் விஞ்ஞானம் படித்து மருத்துவரானோம் என்றால், அந்த வசதிக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

அதைவிடப் பெரியது யாழ் நூல். பழந்தமிழரின் யாழ் எப்போதோ வழக்கொழிந்து போனது. சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் நரம்புகளின் பெயர்களும் அளவுகளும் குறிப்புகளாகக் கிடந்தன. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அவை சொற்கள். பௌதிகமும் தெரிந்தவருக்கு அவை எண்கள். நாம் உயர்தரத்தில் படித்த இழுத்த இழையின் அதிர்வுதான் விஷயம். இழுவை மாறாமல் ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். அதே சுரம் மேல் தானத்தில் கேட்கும். நீளத்தை மூன்றில் இரண்டாக்கினால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். குரலுக்கு ஐந்தாம் நரம்பாகிய இளி கேட்கும். இப்படி ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு தானம் ஏறி முதல் சுரத்துக்கே வந்துசேர வேண்டும் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.7. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. சிறு வித்தியாசம்தான், ஆனால் காது கண்டுபிடித்துவிடும். ஒரு தானத்தை எத்தனை அலகாகப் பிரிப்பது, எந்த நரம்புக்கு எத்தனை அலகு என்ற கேள்விகளெல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. சுவாமிகள் இருபத்திரண்டு அலகு என்ற கணக்கை எடுத்து, இலக்கியக் குறிப்புகளையும் எண்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, மறைந்த யாழ்களுக்கு மீண்டும் உருவம் கொடுத்தார். பல ஆண்டு உழைப்பு. 1947 ஜூன் மாதம் தஞ்சைப் பகுதியில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. ஒன்றரை மாதத்துக்குள், ஜூலை 19ஆம் நாள், சுவாமிகள் மறைந்தார். அவர் உடல் சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இனி எம் கதைக்கு வருகிறோம். எமது ஊர் வெருகல். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லை. ஆற்றுக்கு அக்கரை மட்டக்களப்பு. இரு பக்கத்து மக்களும் கூடும் சித்திரவேலாயுத சுவாமி கோயில் எங்கள் ஊரில்தான். பட்டணத்துக்குப் படிக்க வருவதென்றால் மூதூர் போய், லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து, விடுதியில் சேர வேண்டும். போர்க்காலம். உயர்தரத்தில் எம் பௌதிக ஆசிரியர் இடம்மாறிப் போனார்; அடுத்தவர் வர இரண்டு தவணை ஆனது. பட்டணத்துப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் காசில்லை. கலைப்பிரிவுக்கு மாறிவிடுகிறோம் என்று வகுப்பாசிரியையிடம் போய் நின்றோம். எம் தமிழ் ரீச்சர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நூலகத்திலிருந்து சுவாமிகளின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துவந்து, அந்தப் பத்தாண்டுகள் பற்றிய பக்கத்தை மடித்துத் தந்தார்.

அந்த இரண்டு தவணைகளும் விடுதி மேசையில் நாங்கள் மூன்று பேர் ஒரு பௌதிகப் புத்தகத்துடன் இருந்தோம். ஒருவருக்கு விளங்கியதை மற்றவருக்குச் சொன்னோம். மூவருக்கும் விளங்காததை ஒரு கொப்பியில் எழுதி வைத்தோம். புதிய ஆசிரியர் வந்த அன்று அந்தக் கொப்பியைத்தான் முதலில் நீட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே முழுவதையும் படிப்பித்து முடித்தார். இன்று ஸ்கான் அறையில் ஒலியலை திரும்பி வந்து திரையில் ஒரு குழந்தையின் இதயத்தைக் காட்டும்போது, அந்தக் கொப்பி நினைவுக்கு வருவதுண்டு.

தானே படித்து முன்னேறியவர் என்று ஒருவரைப் புகழ்வது எளிது. ஆனால் ஆசிரியர் இல்லாமல் படிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சுவாமிகள் அறிந்திருந்தார். பட்டம் பெற்ற பிறகு அவர் தம் வாழ்நாளைப் பாடசாலைகளுக்குக் கொடுத்தார்; தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்கினார். தாம் தனியே நடந்த வழியில் அடுத்த பிள்ளை தனியே நடக்கக்கூடாது என்ற எண்ணமே அவற்றில் எமக்குத் தெரிகிறது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இதைப் படிக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்குக் கட்டடமும் வேண்டும், விழாவும் வேண்டும். அத்துடன் வாரத்தில் ஒரு மணித்தியாலம், கடல் கடந்தும் பேச வழியுள்ள இக்காலத்தில், ஏதோவொரு ஊரில் விளங்காத கணக்கோடு இருக்கும் ஒரு பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள். அவள் கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாமலும் இருக்கலாம். பரவாயில்லை, சேர்ந்து தேடுங்கள்.