கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் உங்கள் குழந்தையின் இரத்தமும்

திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்காக உங்கள் குழந்தையின் சொந்த இரத்தத்தையே முன்கூட்டிச் சேமிக்க மருத்துவர் பரிந்துரைத்திருந்தால், கார்ல் லாண்ட்ஸ்டெய்னரின் வாழ்வை அறிவது பயன் தரும்.

1868 ஜூன் 14 அன்று வியன்னா அருகே பிறந்த இவர், தம்முடைய இரத்தத்தையும் சக பணியாளர்களின் இரத்தத்தையும் ஆராய்ந்தார். ஒருவரின் சீரம் மற்றொருவரின் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டு, 1901இல் இரத்த வகைகளை வெளியிட்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1943இல் நியூயார்க்கில் மறைந்தார். அவரது பிறந்தநாளே இன்று உலக இரத்ததான நாள்.

அவர் கண்ட பொருந்தாமை சொந்த இரத்தத்தில் எழாது. ஆயினும் பை மாறினால் அதே ஆபத்து நேரும். ஆகவே, இரத்தம் ஏற்றுமுன் குழந்தையின் பெயரும் அடையாள எண்ணும் பையுடன் ஒப்பிடப்படுவதை உறுதிசெய்யுங்கள். இரத்தம் எடுப்பதால் இரத்தசோகை ஏற்படலாம். குழந்தையின் எடையும் ஹீமோகுளோபின் அளவும் போதுமானவையா என மருத்துவரிடம் கேளுங்கள்.