பள்ளிக்கு வழி சமைத்த பேகம் ரொக்கையா

தொடக்கப் பள்ளி ஆசிரியர் காலையில் செய்யும் முதற்பணி வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவதாகும். உள்ளேன் ஐயா என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக விடையிறுக்கும் ஒலி, பள்ளி சென்ற எவர் நெஞ்சைவிட்டும் நீங்குவதில்லை. எளிய அச்சொல்லைச் சொல்லும் வாய்ப்பு, நூறாண்டுகளுக்கு முன் வங்காளத்து முஸ்லிம் சிறுமியருக்குக் கிட்டாததாயிருந்தது. அவ்வாய்ப்பை அவர்களுக்குப் பெற்றுத் தருவதற்காகத் தம் பொருளையும் உடல்நலத்தையும் வாழ்நாளின் இருபத்து மூன்று ஆண்டுகளையும் ஈந்த பெருமாட்டி பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன். நம் வீடுகளில் ருகையா என வழங்கும் பெயரே வங்க நாவில் ரொக்கையா ஆயிற்று. எண்ணற்ற சிறுமியரைப் பள்ளிக்கு அழைத்து வந்த அவ்வம்மையார், எந்தப் பள்ளியிலும் மாணவியாகச் சேர்ந்து பயின்றதில்லை என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

இருளில் கற்ற எழுத்து

இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்து சிற்றூரில், நிலக்கிழார் குடும்பத்தில் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ரொக்கையா பிறந்தார். தந்தையார் ஜகீருத்தீன் ஸாபிர் அரபி, பாரசீக மொழிகளில் வல்லவர். தம் ஆண் மக்களைக் கல்கத்தாவிற்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி பயிற்றுவித்தவர். பெண் மக்களுக்கோ திருக்குர்ஆன் ஓதுதலும் சிறிது உருதும் போதும் என்பது அக்குடும்பத்தின் வழக்கம். வங்க மொழி கற்பதும் உயர்குடிப் பெண்டிர்க்குப் பொருந்தாதது எனக் கருதப்பட்டது.

ஐந்து வயதிலேயே ரொக்கையா கோஷா முறைக்கு உட்படுத்தப்பட்டார். ஆடவர் மட்டுமன்றி, வெளியிலிருந்து வரும் பெண்டிர் கண்ணிலும் சிறுமி படலாகாது. அயலூரிலிருந்து பெண் விருந்தினர் வந்தபோது, குழந்தையான அவர் நாட்கணக்கில் மேல்மாடிப் பரணில் ஒளிந்து, வேளைக்கு உணவும் இன்றி வருந்த நேர்ந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்துள்ளார்.

அவ்வீட்டில் அவருக்கு இருவர் துணையாயினர். ஒருவர் தமையனார் இப்ராஹீம் ஸாபிர். வீட்டார் உறங்கிய பின் மெழுகுவத்தியை ஏற்றிவைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அவர். மற்றவர் தமக்கையார் கரீமுன்னிஸா. தாமே முயன்று வங்க மொழியைக் கற்றதற்காக ஊராரின் ஏச்சுக்கு ஆளாகி, இளவயதிலேயே மணம் செய்து அனுப்பப்பட்டவர் அவர். நன்றி மறவாத ரொக்கையா, தம் மத்திசூர் என்னும் கட்டுரை நூலின் இரண்டாம் பகுதியைத் தமக்கைக்கும், 1924இல் வெளியான பத்மராகம் என்னும் புதினத்தைத் தமையனுக்கும் உரிமையாக்கினார்.

சென்னையில் அச்சேறிய கனவு

ரொக்கையாவை மணந்த சையித் சகாவத் ஹுசைன், பீகாரின் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். முன்பே மனைவியை இழந்தவர், அகவையில் மிக மூத்தவர், உருது பேசுபவர். எனினும் பரந்த உள்ளம் படைத்தவர். மனைவியின் ஆங்கிலப் பயிற்சிக்கு அவர் ஊக்கமளித்தார், எழுதவும் தூண்டினார்.

கணவர் அலுவலாக வெளியூர் சென்றிருந்த வேளையில், பொழுதுபோக்காக அம்மையார் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். பெண்கள் அறிவியலின் துணையால் நாடாள, ஆடவர் வீட்டினுள் அடைபட்டிருக்கும் கற்பனை உலகமே அக்கதை. அதற்குச் சுல்தானாவின் கனவு என்று பெயர். அது 1905இல் அச்சேறியது நம் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழொன்றில்தான். கமலா சத்தியநாதன் அம்மையார் ஆசிரியராயிருந்து நடத்திய ஆங்கில மாத இதழ் அது. வங்கத்துப் பெண்மணியின் எழுத்திற்குத் தமிழகத் தலைநகர் மேடையளித்தது நமக்குப் பெருமை தருவதாகும்.

இல்லற வாழ்வு நெடிது நீடிக்கவில்லை. பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே மறைந்தன. நீரிழிவு நோயால் கணவர் பார்வையை இழந்தார். அம்மையாரே அவருக்குச் செவிலியாயினார். 1909ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் சகாவத் ஹுசைன் காலமானார். பெண்களுக்கான பள்ளி ஒன்றை நிறுவுவதற்கென அவர் 10,000 ரூபாயை ஒதுக்கிவைத்திருந்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை.

ஐவரும் எண்மரும்

கணவர் மறைந்து ஐந்து மாதங்களில், 1909 அக்டோபர் 1ஆம் நாள், பாகல்பூரில் பள்ளி தொடங்கிற்று. சேர்ந்த மாணவியர் ஐவர். ஆனால் கணவரின் முதல் மனைவியின் மகளாலும் மருமகனாலும் சொத்துப் பூசல் எழுந்தது. அம்மையார் 1910இல் பாகல்பூரை நீங்கிக் கல்கத்தாவில் குடியேறினார். 1911 மார்ச் 16ஆம் நாள், வலியுல்லா சந்தில் 13ஆம் எண் வீட்டில், இரண்டு பெஞ்சுகளையும் எட்டு மாணவியரையும் கொண்டு சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி மீண்டும் உயிர்பெற்றது.

பள்ளி எவ்வாறு நடைபெறும் என்பதையே அறியாதவர் பள்ளி நடத்த வந்தார். நகரிலிருந்த பிற பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு நடக்கும் முறையைக் கண்டு கற்றுக்கொண்டார். பின்னர்த் தம் ஆசிரியைகளைத் தாமே பயிற்றினார். திருக்குர்ஆன், உருது, பாரசீகம், ஆங்கிலம், வீட்டு மருத்துவம், சமையல், தையல், உடற்பயிற்சி எனப் பாடங்கள் அமைந்தன. நகரத்து முஸ்லிம் குடும்பங்களின் விருப்பிற்கிணங்கப் பயிற்றுமொழி உருதுவாயிற்று. தாய்மொழியான வங்கத்தை நேசித்த அவர் அதற்கும் இசைந்தார். பிள்ளைகள் வரவேண்டும் என்பதே அவருக்கு முதன்மையாயிருந்தது.

பள்ளியின் கதவைத் திறந்து வைத்ததனால் மாணவியர் வந்துவிடவில்லை. அம்மையார் புர்கா அணிந்து வீடு வீடாகச் சென்றார். பெற்றோரிடம் மன்றாடினார். கட்டணமின்றிக் கற்பிப்பதாகவும், கோஷா முறை வழுவாது பிள்ளைகளை அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடுவதாகவும் வாக்களித்தார். விதவைப் பெண் ஒருத்தி இவ்வாறு பள்ளி நடத்துவது குறித்து எழுந்த அவதூறுகள் பல. பள்ளிப் பணம் சேமித்திருந்த வங்கி முறிந்து, நிதியின் பெரும்பகுதி அழிந்ததும் உண்டு. அவர் தளரவில்லை. 1915ஆம் ஆண்டில் மாணவியர் எண்ணிக்கை 84 ஆயிற்று. ஐவர், எண்மர் என்றிருந்த பள்ளி மேல்நிலைத் தொடக்கப் பள்ளியாக வளர்ந்தது.

வண்டியும் வருகையும்

அப்பள்ளியின் வருகைப் பதிவேடு நிறைவதும் குறைவதும் ஒரு வண்டியைப் பொறுத்தே இருந்தது. தெருவில் நடந்து வருதல் அச்சிறுமியர்க்கு இயலாது. வண்டி வந்தால் பள்ளி, வாராவிடில் இல்லை. குதிரை வண்டியும் பின்னர் மோட்டார் பஸ்ஸும் இதற்கென அமைந்தன.

1931இல் நூலாக வெளிவந்த அவரோதவாசினி என்னும் தொகுப்பில், அம்மையார் இந்த மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியுள்ளார். கோஷாவிற்குக் குறைவு நேராதபடி வண்டியின் நாற்புறமும் அடைக்கப்பட்டது. முன்னும் பின்னும் கதவிற்கு மேலே சிறு வலைச் சட்டங்கள் தவிரக் காற்றும் ஒளியும் புக வழியில்லை. முதல்நாள் பயணத்திலேயே வெம்மையால் சிறுமியர் வாந்தியெடுத்தனர். இருட்டில் சின்னஞ்சிறியோர் அஞ்சி அழுதனர். அடைப்புகளை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டும் மயக்கமும் தலைவலியும் முற்றும் நீங்கவில்லை. வண்டியைப் பார்த்த இந்துப் பெண்மணி ஒருவர், அது ஓர் இருட்டறை நகர்ந்து வருவதுபோல் உள்ளதென்று திகைத்தார். பிள்ளைகளை இவ்வாறு வதைக்கலாமா என்று தாய்மார் வந்து முறையிட்டனர்.

அன்று மாலையே வேறு சிலரிடமிருந்து கடிதங்கள் வந்தன. காற்றில் திரை அசைகிறது, கோஷா கெடுகிறது, உடனே மாற்றாவிடில் உருதுப் பத்திரிகைகளில் பள்ளியைப் பழித்து எழுதுவோம் என்பது அவற்றின் சாரம். அடைத்தால் பிள்ளைகள் நோயுற்று நின்றுவிடுவர். திறந்தால் பெரியோர் சினந்து நிறுத்திவிடுவர். எப்பக்கம் சாய்ந்தாலும் மறுநாள் பதிவேட்டில் இடம் வெறிச்சோடும். இந்த இடுக்கணுக்கிடையே அம்மையார் பள்ளியை மூடாமல் நடத்தினார் என்பதே அவருடைய பெருமை.

அவர் சமயத்தைப் பழித்தவரல்லர். கல்வியை ஆண், பெண் இருபாலார்க்கும் மார்க்கம் கடமையாக்கியிருக்க, அதை மறுப்பவரே மார்க்கத்திற்கு மாறானவர் என்பது அவர் வாதம். கண்ணியமான உடை வேறு, காற்றும் கல்வியும் புகாத சிறை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். புர்கா அணிந்தவாறே சமுதாயப் பணியாற்றினார். 1916இல் முஸ்லிம் பெண்டிர்க்கெனச் சங்கம் ஒன்றும் கண்டார்.

நாள்தோறும் வருதலின் அருமை

ஒருநாள் பள்ளிக்கு வாராவிடில் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. தொடக்கக் கல்வி படிக்கட்டினை ஒத்தது. இன்று எழுத்து, நாளை சொல், மறுநாள் தொடர். கூட்டல் கற்ற நாளில் வாராத பிள்ளைக்குக் கழித்தல் புதிராகிறது. புரியாத பிள்ளை வகுப்பில் கூசுகிறது. கூசிய பிள்ளை மறுநாளும் தயங்குகிறது. ஒருநாள் விடுப்பு ஒரு வாரமாகி, வாரம் மாதமாகி, ஈற்றில் பெயரே பதிவேட்டிலிருந்து நீங்குகிறது. வண்டியை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்று அம்மையார் பட்ட பாட்டின் பொருள் இதுவே.

பாகல்பூரில் வங்கம் பேச ஆளின்றிப் பதினான்கு ஆண்டுகள் கழித்தும், அம்மொழியை அவர் மறக்கவில்லை. இடைவிடாத பயிற்சியே அதனைக் காத்தது.

விடிவதற்குள் ஓய்ந்த எழுதுகோல்

பள்ளி 1930ஆம் ஆண்டளவில் உயர்நிலைப் பள்ளியாயிற்று. இரண்டாண்டுகளில், 1932 டிசம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில், தம் பிறந்தநாளிலேயே அம்மையார் இறையடி சேர்ந்தார். அவர்க்கு அகவை 52. முதல்நாள் இரவுவரை எழுதிக்கொண்டிருந்த, பெண்ணுரிமை பற்றிய கட்டுரை முற்றுப்பெறாமல் மேசைமேல் கிடந்தது. கல்கத்தாவை அடுத்த சோதேபூரில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய பள்ளி அரசுப் பெண்கள் பள்ளியாகக் கொல்கத்தாவில் இன்றும் நடைபெறுகிறது. வங்கதேசம் டிசம்பர் 9ஆம் நாளை ரொக்கையா நாளாகப் போற்றுகிறது.

இன்று ஆறு முதல் பதினான்கு வயதுவரை கட்டாய இலவசக் கல்வி 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டுப் பிள்ளைகளின் உரிமையாகிவிட்டது. பள்ளி அருகிலேயே உள்ளது. வழியும் திறந்தே உள்ளது. எனினும் உறவினர் திருமணம், ஊர் விழா, கடைக்கு ஓராள் துணை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல் என்று சிறு காரணங்களுக்காகப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தும் பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. ஜமாஅத்துப் பெரியோர்களும் பெற்றோர்களும் இதனைச் சிந்திக்க வேண்டும். வருகை விழுக்காட்டை எண்ணி எண்ணி வகுப்பிற்கு வரும் கல்லூரி மாணவச் செல்வங்களும் சிந்திக்க வேண்டும். காற்றுப் புகாத வண்டியில் மயங்கியும் மறுநாள் வந்த அச்சிறுமியரை எண்ணினால், காலையில் பெயர் கூப்பிடும்போது நம் இடம் வெறுமையாய் இருத்தல் தகுமா?