யாழை மீண்டும் செய்ய முனைந்த சுவாமி விபுலாநந்தர்

ஞாயிறு திருப்பலியில் பதிலுரைப் பாடலைப் பாடும்போது யாழ் என்னும் சொல் நம் நாவில் அடிக்கடி வருகிறது. யாழ் மீட்டி ஆண்டவரைப் புகழும்படி திருப்பாடல்கள் நம்மை அழைக்கின்றன. ஆனால் அந்த யாழ் எப்படி இருக்கும் என்று நம் பங்கு மக்களைக் கேட்டால், படங்களில் தாவீது அரசரின் கையில் பார்த்த கருவியைத்தான் பலரும் சொல்வார்கள். தமிழருடைய பழைய யாழைப் பார்த்தவர் நம்மில் எவரும் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது வழக்கொழிந்துவிட்டது. எஞ்சியவை பாட்டும் உரையும் சில சிற்பங்களும் மட்டுமே. இவற்றை வைத்துக்கொண்டு அந்தக் கருவியை மீண்டும் ஒலிக்கச் செய்ய முடியுமா என்று ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்தவர் சுவாமி விபுலாநந்தர். அவர் வாழ்வின் முக்கியமான சில ஆண்டுகள் நம் சிதம்பரத்தில் கழிந்தன.

இலங்கையின் கிழக்கே காரைதீவு என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டு பிறந்த அவருடைய இயற்பெயர் மயில்வாகனம். இயேசு சபையினர் நடத்திய மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். அதற்கு அடுத்த ஆண்டு, அமலமரித் தியாகிகள் சபையினரின் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பிக்கச் சென்றார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924-இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். பண்டிதரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே மனிதருக்குள் இருந்ததை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அவர் பின்னர் எடுத்துக்கொண்ட வேலைக்கு இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள்.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்று, 1933 வரை அங்குப் பணியாற்றினார். மாலை வேளைகளில் அருகிலுள்ள திருவேட்களத்தில், ஒதுக்கப்பட்டிருந்த ஏழை மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். அக்காலத்தில் காவியுடுத்த ஒரு பேராசிரியர் அங்கே போய் அமர்வது சாதாரணச் செயல் அல்ல.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும்தான் அவருடைய யாழ் ஆராய்ச்சிக்கு அடிப்படை. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று அந்த உரை எண்ணிக்கை தருகிறது. கருவியின் அளவைத் தரவில்லை. பழம்பாடல்களோ உவமையோடு நின்றுவிடுகின்றன. பொருநராற்றுப்படையின் புலவர், யாழின் அடிக்குடமாகிய பத்தரைக் குளம்பு பதிந்த சுவட்டுக்கு ஒப்பிடுகிறார். கேட்பவருக்கு அது அழகாக இருக்கும். உளி பிடித்த தச்சருக்கு அது போதுமா? எத்தனை விரற்கடை அகலம், எவ்வளவு ஆழம், அதை மூடும் தோல் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதையெல்லாம் செய்கிறவரே முடிவு செய்தாக வேண்டும்.

நம் பாடற்குழுவின் கிட்டாரை எண்ணிப் பார்த்தால் இந்தச் சிக்கல் விளங்கும். கிட்டாரில் ஆறு நரம்புகளே உள்ளன. கழுத்தில் பதித்த மெட்டுகளின் மேல் விரல் வைத்து, ஒரே நரம்பில் பல சுரங்களை எழுப்புகிறோம். நம் மாவட்டத்துப் பண்ருட்டிப் பலாமரத்தில் குடையப்படும் தஞ்சாவூர் வீணையும் அப்படியே. யாழில் மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதே அதன் முறை. ஆகவே 21 நரம்பு என்றால் மூன்று தானத்துச் சுரங்கள். எல்லா நரம்பும் ஒரே தடிமனாய், ஒரே இழுவையில் இருந்தால், ஒரு தானம் கீழே இறங்க நீளம் இரட்டிப்பாக வேண்டும். மிகக் குட்டையான நரம்பு ஒரு சாண் என்றால் மிக நீளமானது ஏழு சாணைத் தாண்டும். அதாவது ஐந்தடிக்கு மேல். அதைத் தோளில் சுமந்து பாணர் ஊர் ஊராக நடந்திருக்க முடியுமா? நீளத்தைக் குறைத்தால் நரம்பைத் தடிமனாக்க வேண்டும், அல்லது இழுவையைத் தளர்த்த வேண்டும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் நாதம் மங்கும். மாறாக, நீளத்தை மாற்றாமல் இழுவையைக் கூட்டியே ஒரு தானம் மேலே போக நினைத்தால் நான்கு மடங்கு இழுக்க வேண்டும். நரம்பு அறும், கோடு வளையும். நைலான் நரம்புக்கென்று செய்த கிட்டாரில் எஃகுக் கம்பியை மாட்டி, பிரிட்ஜ் பெயர்ந்து வந்ததை நாமே பார்த்திருக்கிறோம். மரம் தன் கணக்கைத் தவறாமல் கேட்கும்.

இங்கேதான் அறிவியல் ஆசிரியர் பண்டிதருக்குக் கைகொடுத்தார். நரம்பின் நீளத்துக்கும் சுரத்தின் அலைவுக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, 22 சுருதிகளையும் பழம்பண்களையும் விபுலாநந்தர் ஆராய்ந்தார். இவருக்கு முன்பே, தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவரான ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 சுருதிகள் என்று வாதிட்டிருந்தார். இருவரும் முடிவில் வேறுபட்டாலும், கேள்வியை அளந்து பார்த்தே தீர்க்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டவர்கள்.

பேரியாழின் பெருமையைவிட நம்மைக் கவர்வது பெரும்பாணாற்றுப்படை காட்டும் வில்யாழ். முல்லை நிலத்து இடையன் குமிழ மரத்தின் உள்துளைக் கிளையை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி வாசிக்கிறான். கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த கருவி அது. ஆடு மேய்த்த தாவீதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1939 முதல் 1941 வரை இமயமலையில் உள்ள மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரதம் இதழை நடத்திக்கொண்டே இந்த ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றிக்கொண்டே வந்தது. நூல் முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. இறுதியில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை யாழ்நூல் என்னும் பெயரில் வெளியிட்டது. 1947-ஆம் ஆண்டு ஜூன் 5, 6 நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அவரது ஆராய்ச்சியின்படி செய்யப்பட்ட முளரியாழ் முதலான கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. அவையினர் கேட்கும்படி இசைக்கவும் பட்டன. தாளில் இருந்த கணக்கு காதுக்கு வந்த நாள் அது. ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19 அன்று, கொழும்பில் அவர் இறந்தார். மட்டக்களப்பில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதே காலத்தில்தான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் கிட்டாருக்கு நைலான் நரம்புகளைச் செய்யத் தொடங்கியிருந்தார். அதுவரை கிட்டாருக்கும் ஆட்டுக்குடல் நரம்புதான். போர்க்காலத்தில் அது அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டு, இசைக் கலைஞர்களுக்குத் தட்டுப்பாடாகிவிட்டது.

விபுலாநந்தரின் யாழ் கச்சேரி மேடைக்கு வரவில்லை. அவர் முடிவுகள் அனைத்தையும் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவும் இல்லை. யாழ்நூல் மறுபதிப்புக் காண 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் கிட்டார் செய்துவந்த தருண் சேகர் என்னும் இளைஞர் மரத்தில் யாழ் ஒன்றைச் செய்து, அதைப் பாடலிலும் ஒலிக்கச் செய்தார்.